ஆளு வரட்டு

எங்கள் ஷெட்டில் மத்தியானச் சோறு சாப்பிடுவதே ஒரு தண்டனை மாதிரி இருக்கும். காலையில் அரைகுறையாக விழுங்கிவிட்டு வந்த வயிறு பத்து மணிக்கே கத்த ஆரம்பித்துவிடும். சங்கு ஊதியதும் கை கழுவி, வட்டமாக உட்கார்ந்து, பாத்திரத்தை முன்னால் எடுத்து வைத்தாகிவிடும். உள்ளேயிருந்து சாளை மீன் கறியின் வாசனை வேறு. ஆனால் மூடியில் கை வைக்க முடியாது. அக்கா தன் எவர்சில்வர் பாத்திரத்தை மடியில் வைத்து, இரண்டு கையையும் மூடியின் மேல் போட்டுக்கொண்டு, வாசலையே பார்த்திருப்பாள். குழாயடியில் எவளோ ஒருத்தி இன்னும் கை கழுவிக்கொண்டிருப்பாள்.

"ஆளு வரட்டு" என்பாள் அக்கா.

அவ்வளவுதான் அவள் பேச்சு. குரலை உயர்த்த மாட்டாள், முறைக்க மாட்டாள். ஆனால் அவள் மூடியைத் திறக்காமல் நாங்கள் ஒருத்தியும் திறந்ததில்லை. இதை யார் சட்டமாக்கினார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. திறந்த பிறகு எல்லாருடைய கறியும் எல்லாருடைய பாத்திரத்துக்கும் போகும். அதனால் ஒருத்தி பிந்தினால் அவளுக்கு மட்டும் வெறும் சோறு ஆகிவிடும் என்பது அவள் கணக்கு. எனக்கோ பசி வந்தால் கண் தெரியாது. மனதுக்குள் அக்காவை எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன்.

அவளுக்குப் பெயர் இருந்தது. ஷெட்டில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் 'ஆளு வரட்டு'. அவளுக்கும் அது தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டாள்.

எங்கள் பக்கத்தில் முந்திரிக் கொட்டைக்கு அண்டி என்று பெயர். ஆகவே முந்திரி ஆலை எங்களுக்கு அண்டி ஆபீஸ். பெயரில்தான் ஆபீஸ், நாற்காலி மேனேஜருக்கு மட்டும். நாங்கள் சிமெண்டுத் தரையில் ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி உட்கார்ந்து, வறுத்து உடைத்த பருப்பின் சிவப்புத் தொலியைச் சின்னக் கத்தியால் சுரண்டுவோம். பருப்பு உடையக் கூடாது, கத்தி ஆழமாகப் படக் கூடாது, வாயில் ஒன்றுகூடப் போகக் கூடாது. ஆபீசின் சங்கு காலையில் ஊதும், மத்தியானம் ஊதும், சாயங்காலம் ஊதும். புதுக்கடை ரோட்டில் எங்கள் ஆபீசைச் சுற்றியிருந்த வீடுகளில் கடிகாரம் இருந்தாலும் உலை வைப்பது அந்தச் சங்கைக் கேட்டுத்தான். ஒருமுறை வறுக்கிற இடத்தில் அண்டி எண்ணெய் தீப்பிடித்தபோது சங்கை நிறுத்தாமல் ஊதினார்கள். ஊரே குடமும் வாளியுமாக ஓடி வந்து அணைத்தது. அதிலிருந்து நேரம் தவறிச் சங்கு கேட்டால் தீ என்றுதான் எங்கள் ஊரில் அர்த்தம்.

சாயங்காலச் சங்குக்குப் பிறகு திருவட்டாறு போகும் பஸ் ஒன்று ஆபீஸ் வாசலில் நிற்கும். அக்கா ஒரு காலைப் படியிலும் ஒரு காலை ரோட்டிலும் ஊன்றி நிற்பாள். கடைசிப் பெண் கேட்டைத் தாண்டி ஓடி வரும்வரை அந்த ரோட்டுக் கால் மேலே ஏறாது. அந்தக் கண்டக்டர் நல்ல பையன், ஆனாலும் அவனுக்கும் பொறுமைக்கு ஓர் எல்லை உண்டல்லவா? ஒருநாள் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, இது உங்க வீட்டு வண்டியா என்று கேட்டான்.

"எனக்க வீட்டு வண்டின்னா எப்பமே எடுத்திருப்பேன் மக்கா. இது ஊருக்க வண்டியில்லியா, அதான் நிக்கேன்" என்றாள்.

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு அடுத்த நடைக்கு நேரமாகிவிட்டது.

இந்தக் குணத்தால் அவளுக்கு நன்மை மட்டும் வந்தது என்று சொல்ல மாட்டேன். அவள் மகளுடைய நிச்சயதார்த்தத்துக்கு நாங்கள் எல்லாரும் போயிருந்தோம். நல்ல நேரம் முடியப்போகிறது, மாப்பிள்ளை வீட்டார் முகம் கறுத்துவிட்டது. அக்கா தாம்பாளத்தை மாற்ற விடவில்லை. சொத்துத் தகராறில் பல வருஷமாக அவளோடு பேசாமலிருந்த அண்ணன் வரவில்லையாம். அவன் வரவா போகிறான் என்று எல்லாருக்கும் எரிச்சல். கடைசியில் ரப்பர் வெட்டப் போன இடத்திலிருந்து அழுக்குச் சட்டையும் லுங்கியுமாக அவன் ஒரு பைக்கின் பின்னால் வந்து இறங்கினான். யாரோ போன் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள், உன் தங்கச்சி தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று. நல்ல நேரம் போய்விட்டது. மாப்பிள்ளையின் அம்மா அதை இன்றைக்கும் மறக்கவில்லை என்று கேள்வி. முழங்கால் தேய்ந்து வேலையை விட்ட பிறகு அக்கா இரணியலில் அந்த மகளோடுதான் இருக்கிறாள். அந்தப் பேச்சை வாரம் ஒரு தடவையாவது கேட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைக்கிறேன்.

அவள் புருஷன் வளைகுடாவுக்குப் போனவன். முதலில் போன் வந்தது, பிறகு போனும் இல்லை. அங்கே வேறு குடும்பம் ஆகிவிட்டது என்று ஊரில் பேச்சு. அதனால்தான் அக்காவுக்கு இந்தக் காத்திருக்கிற கிறுக்கு பிடித்தது என்று ஷெட்டில் சிலர் சொல்லுவார்கள். வாயைக் கட்டத் தெரியாத நான் ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன், உங்கள் வீட்டுக்காரருக்காகவா இப்படிக் காத்திருந்து பழகினீர்கள் என்று. அக்கா கத்தியை நிறுத்தவில்லை.

"வரமாட்டேன்னு இருக்கியவனுக்கு நான் எதுக்கு பிள்ளே காக்கணும்? வர முடியாம நிக்கியவளுக்குத்தான் காக்கணும், கேட்டியா."

சொல்லிவிட்டுப் பருப்பை ஊதி முறத்தில் போட்டாள்.

பிறகு வடக்கிலிருந்து பெண்பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள். ஜார்க்கண்டோ ஒடிசாவோ, எங்களுக்கு எல்லாம் ஒன்றுதான், ஹிந்திப் பிள்ளைகள் என்போம். ஆபீசுக்குப் பின்னாலேயே அவர்களுக்கு ஹாஸ்டல். முதல் நாள் மத்தியானம் அவர்கள் தூரச் சுவரோரமாகப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்கள். நாங்கள் வட்டம் போட்டாயிற்று. அக்கா மூடியைத் திறக்கவில்லை. எல்லாரும் வந்தாச்சே அக்கா என்றோம். அவள் சுவரோரத்தைக் கண்ணால் காட்டினாள். எனக்கு வந்த எரிச்சலும் வெப்ராளமும் கொஞ்சமல்ல. பாஷை தெரியாத பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்வது? அவர்களோ நாங்கள் ஏன் சாப்பிடாமல் தங்களையே பார்க்கிறோம் என்று பயந்துபோய் ரொட்டியைக் கையில் பிடித்தபடி இருந்தார்கள். கடைசியில் எல்லாரிலும் சின்னவளாக இருந்த ஒருத்தி எழுந்து, ரொட்டியை ஏந்திக்கொண்டு பையப் பைய எங்களிடம் வந்தாள். அக்கா நகர்ந்து இடம் கொடுத்தாள். பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். வேலைக்குத் திரும்பக் கொஞ்ச நேரம்தான் பாக்கி. அன்று சாப்பிட்ட வேகத்தில் எனக்கு விக்கல் எடுத்தது.

அந்தச் சின்னவள்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம், அவள் ஒரு தப்பும் செய்யாமலே.

ஆபீஸ் கேட்டுக்கு அருகில் தகரம் அடித்த ஒரு சின்ன அறை உண்டு. வேலை முடிந்து போகும் பெண்கள் பருப்பு எடுத்துப் போகிறார்களா என்று அங்கே சோதனை. முன்பெல்லாம் சோதனைக்காரி முந்தானையை உதறச் சொல்லுவாள், கொண்டையைத் தொட்டுப் பார்ப்பாள், பையைக் கவிழ்ப்பாள். கூச்சமாகத்தான் இருக்கும், ஆனாலும் பழகிப்போயிருந்தோம். வெளியூரிலிருந்து புது மேனேஜர் வந்ததும் உடுத்த துணியையே அவிழ்த்துக் காட்டச் சொன்னார்கள். ஒருநாள் அந்தச் சின்னவளுக்குத் தீட்டு. உள்ளே கட்டியிருந்த துணியையும் எடுத்துக் காட்டச் சொல்லியிருக்கிறாள் சோதனைக்காரி. தகர அறையிலிருந்து அவள் அழுத சத்தம் வரிசையில் நின்ற எங்கள் எல்லாருக்கும் கேட்டது. பருப்பு ஒன்றும் கிடைக்கவில்லை. முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு ஹாஸ்டல் பக்கம் ஓடிவிட்டாள்.

அன்றைக்கு அக்கா படியில் கால் வைக்கவில்லை. பஸ் அவளை விட்டுவிட்டுப் போயிற்று. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், தகர அறையைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் சங்கு ஊதியதும் நேராகப் போய் அந்த அறையின் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். சோதனைக்காரி எழுந்திருக்கச் சொன்னாள், வாட்ச்மேன் சொன்னார், மேனேஜரே வந்து சொன்னார். அக்கா அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"எனக்க துணியில இனி ஒருத்தரும் கை வைக்கப்பிடாது. இதுல நிக்கிய எவளுக்க துணியிலயும் வைக்கப்பிடாது."

நாங்கள் அவள் பின்னால் உட்கார்ந்தோம். ஹிந்திப் பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். இருட்டும் நேரத்தில் எல்லாரையும் சோதனையில்லாமலே வெளியே விட்டார்கள். ஆனால் மறுநாள் காலை சங்கு ஊதியும் ஒருத்தியும் உள்ளே போகவில்லை. எங்கள் வேலைநிறுத்தம், எங்கள் பேச்சில் சமரம், அப்படித்தான் தொடங்கியது. திட்டம் போட்டுச் செய்யவில்லை.

கேட்டுக்கு எதிரே ஓர் அயனி மரம். அதன் அடியில் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்தோம். சங்கத்துக்காரர்கள் கொடியோடு வந்தார்கள். அதில் ஒரு தம்பி நன்றாகப் பேசுவான். உலகத்தில் எங்கெங்கே தொழிலாளிகள் எழுந்தார்கள், எந்தெந்த ராஜ்யம் கவிழ்ந்தது என்று சொல்லி, இந்த அயனி மரத்தடியிலிருந்தும் புரட்சி வரும் என்று முடித்தான். நாங்கள் கை தட்டினோம். அக்காவும் தட்டினாள்.

"வரட்டு மக்கா, நல்ல காரியந்தான். அது எந்த பஸ்ஸுல வருதுன்னு மட்டும் சொல்லு, நான் படியில நின்னு பிடிச்சு வைக்கேன்" என்றாள். தம்பியே சிரித்துவிட்டான்.

ஆனால் ஹிந்திப் பிள்ளைகள் எங்களோடு இல்லை. நாங்கள் வெளியே உட்கார்ந்த அன்றே ஹாஸ்டலை வெளிப்பக்கம் பூட்டிவிட்டார்கள். பாதுகாப்புக்கு என்று சொன்னார்கள். மதிலுக்கு மேலே ஒரே ஒரு கம்பி ஜன்னல் தெரியும். அதில் சில நேரம் கை தெரியும், சின்னவளின் மஞ்சள் துப்பட்டா தெரியும். சங்கத்துக்காரர்கள் மனுக் கொடுத்துப் பார்த்தார்கள். விசாரிப்பதாகச் சொன்னார்கள்.

முதல் நாள் மத்தியானம் மரத்தடியில் பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தோம். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"நீங்க தின்னுங்கோ. பட்டினி கிடந்தா சமரம் நடக்காது" என்றாள். "நான் வீட்டுல போயி தின்னுக்கிடுவேன்."

அவள் திறக்காமல் நாங்கள் திறந்தது அன்றுதான் முதல் தடவை. பலர் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டோம். அதன்பிறகு தினமும் அப்படியேதான். வயர்கூடையில் அந்த எவர்சில்வர் பாத்திரம் வரும், பக்கத்தில் இருக்கும், சாயங்காலம் திறக்காமலே திரும்பிப் போகும். எங்கள் பாத்திரங்களில் மீன் போய்க் கருவாடு வந்தது, கருவாடு போய் வெறும் மரச்சீனிக் கிழங்கும் சம்மந்தித் துவையலும் வந்தது. வாரங்கள் ஓடின. என் மகளுக்குப் படிப்பு நின்றுபோய்விடுமோ என்று எனக்குப் பயம். ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு பயம், அக்காவுக்கோ வீட்டில் பேரப்பிள்ளைகள்.

ஒருநாள் பேச்சுவார்த்தை முடிந்து சங்கத்துக்காரர்கள் சந்தோஷமாக வந்தார்கள். மேனேஜர் இறங்கி வந்துவிட்டாராம். ஊர்ப் பெண்களுக்கு இனி சோதனையே கிடையாது. ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு மட்டும் தொடரும், அவர்கள் கம்பெனியின் பொறுப்பில் இருப்பவர்கள். இப்போதைக்கு இதை வாங்கிக்கொள்வோம், மற்றதற்கு உள்ளே போய்ப் போராடுவோம், நாளைக் காலை சங்கு ஊதும், வேலைக்குப் போகலாம் என்றார்கள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. உண்மையைச் சொல்வதில் என்ன வெட்கம், அன்று வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன். அக்கா ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமலிருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

காலையில் மரத்தடியில் கூடினோம். சங்கு ஊதியது. அந்தச் சத்தத்துக்கு எங்கள் கால்கள் எங்களைக் கேட்காமலே எழுந்துவிடும். சேலையை உதறிக்கொண்டு நடந்தோம். சிலர் கேட்டைத் தாண்டிவிட்டார்கள். எனக்கு முன்னால் போன ஒருத்தி திரும்பிப் பார்த்தவள் அப்படியே நின்றாள்.

"ஏட்டி, அக்கா சோத்துப் பாத்திரத்தை எடுத்து வச்சிருக்கா."

திரும்பினேன். அயனி மரத்தடியில் அக்கா மட்டும் உட்கார்ந்திருந்தாள். மடியில் பாத்திரம். மூடியின் மேல் இரண்டு கை. காலை நேரத்தில் மத்தியானச் சோற்றை யார் எடுத்து வைப்பார்கள்? அதன் அர்த்தம் எங்களுக்குத் தெரியும், அந்தக் கேட்டில் நின்ற வேறு யாருக்கும் தெரியாது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நேராகப் போய் எதிரே நின்றேன்.

"உள்ள போயி அவளுவளுக்கு வேண்டிப் பேசலாமே அக்கா. பேசமாட்டோம்னா சொல்லுகோம்?"

"உள்ள போனா வேலை பிடிச்சிரும் பிள்ளே. அந்தியாவும், பஸ் வரும், நம்ம சோதனையில்லாம ஏறிருவோம். அவளுவ அந்த ரூமுக்கு முன்ன வரிசையில நிப்பாளுவ. நீ பஸ்ஸுல இருந்து பாப்பியா?"

நான் முன்பு ஒருநாள் பஸ்ஸிலிருந்து பார்த்தது நினைவுக்கு வந்தது.

"ஆளு வரட்டு" என்றாள்.

உட்கார்ந்தேன். கேட்டைத் தாண்டிப் போனவர்களும் ஒவ்வொருத்தியாகத் திரும்பி வந்தார்கள். சங்கத்துத் தம்பி என்ன நடக்கிறது என்று புரியாமல் ஒவ்வொருத்தியிடமும் ஓடினான். நாங்கள் எல்லாரும் பாத்திரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டோம்.

மேனேஜருக்கும் புரியவில்லை. நாங்கள் மிரளுவோம் என்று நினைத்தாரோ, பழக்கத்தில் எழுந்து வந்துவிடுவோம் என்று நினைத்தாரோ, சங்கை மறுபடி ஊதச் சொன்னார். நாங்கள் அசையவில்லை. விடாமல் ஊதச் சொன்னார். வெளியூர்க்காரர், அவருக்கு என்ன தெரியும்! வாட்ச்மேன் கையெடுத்துக் கும்பிட்டும் கேட்கவில்லை.

அடுத்த வளைவிலிருந்து முதலில் குடத்தோடு ஒரு பெண் ஓடி வந்தாள். பின்னால் வாளியோடு பத்துப் பேர். ரப்பர் வெட்டிக்கொண்டிருந்தவர்கள், கடையைப் போட்டது போட்டபடி விட்டவர்கள், ஆட்டோக்காரர்கள் என்று ரோடு நிறைந்துவிட்டது. யாரோ போன் போட்டுத் தீயணைப்பு வண்டியும் மணியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தது. தீயும் இல்லை, புகையும் இல்லை. மேனேஜர் வாசலில் நின்று ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினார். தீயணைப்பு அதிகாரி அவரை விலக்கிவிட்டு, சங்கு இத்தனை நேரம் ஊதியிருக்கிறது, பார்க்காமல் போக முடியாது, உள்ளே ஆள் உண்டா என்று கேட்டார்.

அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொன்னாள். "உண்டு சாரே. பொறத்தால ஹாஸ்டல்ல பெண்பிள்ளைய உண்டு. வெளிய பூட்டிப் போட்டிருக்கு."

அதிகாரியின் முகம் மாறியது. தீப்பிடிக்கிற இடத்தில் ஆட்களை வைத்து வெளியே பூட்டுவதா என்று சத்தம் போட்டார். சாவி வர நேரமானது. அவர் காத்திருக்கவில்லை, பூட்டை உடைக்கச் சொன்னார். குடமும் வாளியுமாக ஊர் முழுக்க அதைப் பார்த்தது. பிறகு போலீஸ் வந்தது, தொழிலாளர் துறையிலிருந்து ஜீப் வந்தது, புதிதாகப் பேச்சுவார்த்தை நடந்தது. யாருக்கும் சோதனை இல்லை என்று எழுதிக் கையெழுத்தானது. தகர அறையைப் பிரித்துப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டார்கள். இதெல்லாம் பேப்பரில்கூட வந்தது.

பேப்பரில் வராதது ஒன்று உண்டு. பூட்டு உடைந்ததும் அந்தப் பிள்ளைகள் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டு வழியாக வந்தார்கள். எங்கே போவது என்று அவர்களுக்கு யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. நேராக மரத்தடிக்கு வந்து எங்களுக்கு நடுவில் உட்கார்ந்தார்கள். கடைசியாகச் சின்னவள் வந்தாள். அக்கா நகர்ந்து இடம் விட்டாள். அவள் உட்கார்ந்ததும் அக்காவின் கை மூடிக்குப் போனது.

மூடி திறந்தது. உள்ளே ஒன்றுமில்லை. கழுவிக் கவிழ்த்து உலர்ந்த பாத்திரம், ஒரு பருக்கைகூட இல்லாமல் பளபளவென்று இருந்தது. நான் பக்கத்தில் இருந்ததால் முதலில் பார்த்தது நான்தான்.

"எத்தன நாளாட்டு அக்கா?"

"தொறக்க மாட்டேன்னு தெரிஞ்ச பெறவு சோத்த வச்சு எதுக்கு பாழாக்கணும்? வீட்டுல பேரப்பிள்ளைய தின்னட்டுன்னு வச்சேன்" என்றாள், ஒன்றும் நடக்காதது மாதிரி.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே என் கிழங்கில் பாதியை எடுத்து அவள் பாத்திரத்தில் வைத்தேன். இன்னொருத்தி சம்மந்தி வைத்தாள். ஒருத்தி பழஞ்சோறு, ஒருத்தி சுட்ட கருவாடு. சின்னவள் துப்பட்டாவின் முடிச்சை அவிழ்த்து, நசுங்கிய ஒரு ரொட்டியை எடுத்து மேலே வைத்தாள். பாத்திரம் நிறைந்துவிட்டது. போதும் போதும் என்று அக்கா கையால் மறைத்தாள்.

பிறகு வட்டம் முழுக்க ஒரு தடவை கண்ணை ஓட்டினாள். "ஒக்க வந்தாச்சா?" என்று கேட்டாள்.

எல்லாரும் வந்தாச்சு அக்கா என்றோம். அதற்குப் பிறகுதான் வாயில் வைத்தாள்.